விரல் சுழலும் வரை

7 ஜூலை 2025, திங்கள்

திரு முகமது யூசுப் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் வைதேகி. உங்கள் மகள் சாதியாவின் தொடக்கநிலை இரண்டு வகுப்புக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவள். இதற்கு முன் இரண்டு முறை ஆங்கிலத்தில் குறிப்பு அனுப்பினேன். இரண்டிலும் உங்கள் கையெழுத்து இருக்கிறது, பதில் இல்லை. அதனால் இந்த முறை தமிழிலேயே எழுதுகிறேன்.

சாதியாவுக்கு எழுத்தெல்லாம் தெரியும். கதையும் நன்றாக வருகிறது. ஆனால் முற்றுப்புள்ளி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே ஒப்புக்கொள்ள மறுக்கிறாள். போன வாரம் பூங்காவுக்குப் போனதைப் பற்றிப் பதினேழு வரி எழுதினாள். ஒரு புள்ளி கிடையாது. வாசிக்கச் சொன்னால் தண்ணீரில் முங்கப் போகிறவள் போல ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். மூச்சு எங்கே தீருகிறதோ அங்கே நிற்கிறாள், அது ஒரு சொல்லின் நடுவாக இருந்தாலும் சரி. வியாழக்கிழமை அப்படி வாசித்து, இருமி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குப் பயமாகிவிட்டது.

வகுப்பில் நான் செய்வது இதுதான். முற்றுப்புள்ளிக்கு ஒரு கைத்தட்டு. காற்புள்ளிக்கு ஒரு மூச்சு. கேள்விக்குறிக்குத் தலையைச் சாய்ப்பது. மற்றப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் தினமும் பதினைந்து நிமிடமாவது நீங்களோ அவளுடைய அம்மாவோ அவளோடு உட்கார வேண்டும். 30ஆம் தேதி வாசிப்புச் சோதனை இருக்கிறது. மதிப்பெண் இல்லை. ஆனாலும் சோதிக்கும் ஆசிரியர் எழுதுவது அவளுடைய கோப்புக்குப் போகும்.

பதிலை மடித்து ஸ்டேப்ளர் அடித்து அவள் பையிலேயே அனுப்புங்கள். கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறாள்.

வைதேகி


9 ஜூலை, புதன்

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

முகமது யூசுப் எழுதுவது. முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் ஆங்கிலம் கிரேனுக்குப் போதும், பள்ளிக்கூடத்துக்குப் போதாது. பிள்ளை விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான். என் மனைவி நஸீஹா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் லிட்டில் இந்தியாவில் துணிக்கடையில் வேலை, ஜூரோங்கில் வீடு வந்து சேர ஒன்பதரை ஆகிவிடும். களைத்து வருகிறவளிடம் எதற்கு என்று நானே குறிப்புகளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

கோப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். காகிதத்தில் ஏறிய பெயர் லேசில் இறங்காது, அது எனக்குத் தெரியும். கடிதம் வந்த அன்று சாயங்காலமே அவளோடு உட்கார்ந்துவிட்டேன். கை தட்டிப் பார்த்தோம். "கை தட்டுறது பர்த்டேக்குத்தான் அத்தா" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓட ஆரம்பித்தாள்.

நான் கப்பல் பட்டறையில் கிரேனுக்குச் சைகை காட்டுபவன். ஓட்டுநர் மேலே கூண்டில் இருப்பார். கீழே நடப்பது அவருக்குச் சரியாகத் தெரியாது, என் கைதான் அவருக்குக் கண். ஆள்காட்டி விரலைத் தூக்கிச் சின்னதாகச் சுழற்றினால் தூக்கு என்று அர்த்தம். கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து. வேறு வழி தெரியாமல் அதையே பிள்ளைக்கும் செய்து பார்த்தேன். புள்ளி வரவேண்டிய இடத்தில் உள்ளங்கையைக் காட்டினேன். டீச்சர், அவள் நின்றாள். விரலைச் சுழற்றினேன், அடுத்த வாக்கியத்தை எடுத்தாள். பதினேழு வரியையும் ஒரு இருமல் இல்லாமல் வாசித்து முடித்தாள்.

ஜூன் மாதத்திலிருந்து என்னைப் பட்டறையின் சாமான் ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். அதனால் ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். ஏன் போட்டார்கள் என்பது வேறு கதை. நஸீஹா வந்து எங்களைப் பார்த்துவிட்டு, "வீடு என்ன ஷிப்யார்டா லா? பிள்ளையைக் கொக்கியில மாட்டாம விட்டீங்களே" என்றாள். இது தப்பு என்று நீங்களும் சொன்னால் நிறுத்திவிடுகிறேன்.

முகமது யூசுப்


18 ஜூலை, வெள்ளி

திரு யூசுப் அவர்களுக்கு,

தப்பே இல்லை. நிறுத்திவிடாதீர்கள்.

திங்கட்கிழமை சாதியா எழுந்து வாசித்தாள். புள்ளி வந்ததும் தன் உள்ளங்கையையே நீட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் அது வேண்டும் என்றாகிவிட்டது. யாமினி என்று ஒரு வாலு இருக்கிறாள், உணர்ச்சிக்குறிக்கு இரண்டு கையையும் விரித்து நிறுத்துகிறாள். அது அவசர நிறுத்தமாம், சாதியா சொல்லிக் கொடுத்தாளாம். என் கைத்தட்டை இப்போது யாரும் சீண்டுவதில்லை. பத்தொன்பது வருடமாகக் கற்பிக்கிறேன், கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

சாதியா நிறுத்தியதும் என்னைப் பார்ப்பாள். நான் விரலைச் சுழற்றினால் மேலே போவாள். இப்போதெல்லாம் நான் வகுப்பின் பின்னால் உட்கார்ந்துகொண்டு சுழற்றுகிறேன், அங்கிருந்தும் கண்டுபிடித்துவிடுகிறாள். சாப்பிடும்போது என்னை அறியாமல் விரல் சுற்றியிருக்கிறது. என் கணவர், "யாருக்குக் கிரேன் ஓட்டுற?" என்று கேட்டார்.

நேற்று எழுதிய பக்கத்தில் ஒன்பது வாக்கியம், ஒன்பது புள்ளி. ஒரு புள்ளியை அழுத்தி வைத்ததில் தாள் கிழிந்திருக்கிறது. இணைத்திருக்கிறேன், பாருங்கள்.

வைதேகி


20 ஜூலை, ஞாயிறு

டீச்சர் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய பக்கத்தை நஸீஹாவின் கடையில் வைத்து நாலு பேருக்குக் காட்டிவிட்டேன். இதை எழுதுவதும் கடையின் பின்பக்கம் துணி மூட்டைகளுக்கு நடுவில்தான். சாதியா வெளியே நின்று சிராங்கூன் சாலைப் பலகைகளை எல்லாம் வாசித்துக்கொண்டிருக்கிறாள். பலகையில் யாரும் புள்ளி வைப்பதில்லை என்று அவளுக்கு ஒரே கோபம்.

அவளிடம் எங்கள் தொழிலின் விதியையும் சொல்லிவிட்டேன். நிறுத்தம் என்றால் நிறுத்தம்தான். நிறுத்தியவரே மறுபடி விரல் சுழற்றும்வரை ஒரு அங்குலம் நகரக்கூடாது. கீழே பத்துப் பேர் கையை ஆட்டுவார்கள், தலையை ஆட்டுவார்கள், போ போ என்பார்கள். ஓட்டுநர் ஒருவர் கையைத்தான் பார்க்க வேண்டும். அவசர நிறுத்தம் மட்டும் யார் காட்டினாலும் நிற்கலாம். இதை அவள் பாடம் மாதிரி ஒப்பிக்கிறாள். வீட்டில் அத்தா, பள்ளியில் வைதேகி டீச்சர் என்று நாங்கள் பேசி வைத்திருக்கிறோம்.

அதனால் ஒரு கவலை. 30ஆம் தேதி அந்தச் சோதனை அறையில் யார் இருப்பார்கள்? வேறு யாராவது இருந்தால் பிள்ளை என்ன செய்வாள் என்று நினைத்தாலே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தயவுசெய்து நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

முகமது யூசுப்


22 ஜூலை, செவ்வாய்

திரு யூசுப் அவர்களுக்கு,

நான் அறையில் இருப்பேன். கவலைப்படாமல் சாப்பிடுங்கள்.

வைதேகி


1 ஆகஸ்ட், வெள்ளி

டீச்சர்,

நீங்கள் இல்லை.

நேற்றுப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. நஸீஹா வாசித்துத் தமிழில் சொன்னாள், அதனால் இப்போது அவளுக்கும் எல்லாம் தெரியும், பழைய குறிப்புகளை நான் ஒளித்தது உட்பட. பிள்ளை முதல் வாக்கியத்தை வாசித்தாளாம். பிறகு கையை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டாளாம். சோதித்த ஆசிரியர் மூன்று முறை மேலே வாசிக்கச் சொன்னாராம், சிரித்துத் தலையாட்டினாராம். நாலு நிமிடம் ஒரு சொல் இல்லையாம். பிள்ளையிடம் ஏதோ குறை இருக்கலாம், நிபுணரிடம் அனுப்பிப் பார்க்க வேண்டும், 13ஆம் தேதி பெற்றோர் வரவேண்டும் என்று எழுதியிருக்கிறது.

நாலு நிமிடம், டீச்சர். எட்டு வயதுப் பிள்ளை. அவள் யாரைத் தேடிக்கொண்டு நின்றிருப்பாள் என்று உங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தவள் புத்தகத்தைத் தொடவில்லை. இரண்டு கையையும் பாவாடைப் பைக்குள் விட்டுக்கொண்டிருக்கிறாள். பஸ்ஸில் யாரோ பிள்ளைகள் கையை நீட்டி நீட்டிக் கேலி செய்தார்களாம். சோறு ஊட்டித்தான் விட வேண்டியிருக்கிறது, கையை வெளியே எடுக்க மாட்டேன் என்கிறாள். நஸீஹா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

உங்கள் ஒரு வரியை நம்பித்தான் பிள்ளையை அனுப்பினேன். நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

முகமது யூசுப்


4 ஆகஸ்ட், திங்கள்

திரு முகமது யூசுப் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பள்ளி விதிப்படி ஓர் ஆசிரியர் தம் வகுப்பைத் தாமே சோதிக்க முடியாது. எனக்குப் பக்கத்து அறையில் வேறு வகுப்பு. அதை மாற்ற என்னால் முடியவில்லை.

நிபுணரிடம் அனுப்புவதைப் பற்றி நீங்கள் அவமானம் என்று நினைக்க வேண்டாம். என் மாணவர்கள் சிலருக்கு அதனால் நல்லதே நடந்திருக்கிறது.

ஒன்று சொல்லியாக வேண்டும். என் கைத்தட்டில் புள்ளி வந்தால் பிள்ளை நிற்கும், பிறகு தானே மேலே போகும். யாரும் சொல்லாமல் நகரக்கூடாது என்பது நீங்கள் சேர்த்தது. ஒருவர் கையைத்தான் பார்க்க வேண்டும் என்பதும் நீங்கள் சேர்த்தது. நாலு வரிப் பாடத்துக்கு எதற்கு இத்தனை கண்டிப்பு? எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் என்ன கனத்தை ஏற்றியிருக்கிறீர்கள் என்று யோசித்தீர்களா?

13ஆம் தேதி கூட்டத்துக்கு இருவரும் வாருங்கள்.

வைதேகி


6 ஆகஸ்ட், புதன்

டீச்சர் அவர்களுக்கு,

எதற்கு இத்தனை கண்டிப்பு என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

ஜூன் 11ஆம் தேதி எங்கள் பட்டறையில் ஒரு இரும்புத் தகட்டைத் தூக்கினோம். பாதியில் நிறுத்தம். அசோக் என்ற பையன், இருபத்தாறு வயது, கீழே போய்க் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தான். நிற்க வேண்டிய தகடு நகர்ந்தது. ஒரு ஓரம் சரிந்து அவன் காலில் இறங்கிவிட்டது. மூன்று விரல் போய்விட்டது. உயிர் போயிருக்கும், அல்லாஹ் காப்பாற்றினான்.

கிரேன் ஓட்டியவர் மாணிக்கம் அண்ணன். இருபத்திரண்டு வருட அனுபவம். சைகை இல்லாமல் நகர்த்தினார் என்று அவரை இறக்கிவிட்டார்கள், ஊருக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு. நான் நிறுத்தம் காட்டிக்கொண்டு நின்றேன் என்று விசாரணைக் காகிதத்தில் இருக்கிறது. விசாரணை முடியும்வரை எனக்கு ஸ்டோர். நகரக்கூடாத நேரத்தில் ஒரு பொருள் நகர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவன் நான். அதனால்தான் கண்டிப்பு. பிள்ளைக்கு அது தேவையில்லை என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை.

நேற்றுச் சாப்பிடும்போது சாதியா வாயைத் திறந்தாள். ஆறு நாளில் அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி. "அத்தா, நான் சரியாத்தானே நின்னேன்? அந்த டீச்சர் என்னோட சிக்னல் டீச்சர் இல்லையே."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். இதே மாதிரி ஒரு கேள்வியை மாணிக்கம் அண்ணனும் என்னிடம் கேட்டார். அதற்கும் நான் எழுந்துதான் போனேன்.

கூட்டத்துக்கு வருகிறோம். நீங்களாவது அவளுக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.

முகமது யூசுப்


12 ஆகஸ்ட், செவ்வாய்

திரு யூசுப் அவர்களுக்கு,

நாளைக்கு நீங்கள் வர வேண்டாம். கூட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். ஏன் என்று சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

சோதனைப் பட்டியல் ஜூலை 21ஆம் தேதியே வந்துவிட்டது. எனக்கு வேறு அறை என்று தெரிந்துகொண்டுதான் மறுநாள் உங்களுக்கு அந்த வரியை எழுதினேன். விதி இருந்தாலும் சக ஆசிரியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம் என்ற தைரியம். அவர் முடியாது என்றார். அதை உங்களுக்குத் திரும்ப எழுத வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.

இன்னொன்று இதைவிட மோசம். சோதனை முடிந்த அன்று மாலையே தாய்மொழிப் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "வகுப்பில இப்படி நிப்பாளா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். வகுப்பில் அவள் நிற்பதில்லைதான், என் விரல் சுழல்வதால். விரலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் என் வகுப்பைப் பார்வையிட வருகிறார்கள். கிரேன் சைகை காட்டித் தமிழ் கற்பிக்கிறாள் என்று நாலு பேர் சிரிப்பார்களே என்று பயந்தேன். வகுப்பில் ஒழுங்காக வாசிப்பவள் அங்கே ஊமையாகிவிட்டாள் என்றால் பிள்ளையிடம்தான் குறை என்று அவர்கள் நினைத்தார்கள். நினைக்க விட்டது நான். அதற்குப் பிறகு உங்களுக்கே கனத்தைப் பற்றிப் பாடம் நடத்தினேன்.

வெள்ளிக்கிழமை தேசிய தினக் கொண்டாட்டம். பிள்ளைகள் எல்லாம் சிவப்புச் சட்டையில் கையை ஆட்டிப் பாடினார்கள். சாதியா பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றாள். நீண்ட விடுமுறை முழுக்க அதுவே கண்ணில் நின்றது. இன்று காலை தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், விரலைச் சுழற்றியும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப விரல் இல்லாம அவளுக்கு வாசிக்க வராதா?" என்று கேட்டார்.

20ஆம் தேதி மறுபடி ஒரு வாசிப்பு. அதே ஆசிரியர், நான் அறையில் இருக்க அனுமதி இல்லை. போன வாரமும் இன்றைக்கும் விரல் காட்டாமல் பார்த்தேன். வாசிக்கவே மறுக்கிறாள், கெஞ்சினால் ஒரு வாக்கியம், பிறகு கம்பம் மாதிரி நிற்கிறாள். இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. இது உங்கள் தொழில், உங்களைத்தான் கேட்க வேண்டும். சைகை காட்டுபவர் பாதியில் போய்விட்டால் ஓட்டுநர் என்ன செய்வார்?

வைதேகி


17 ஆகஸ்ட், ஞாயிறு

டீச்சர் அவர்களுக்கு,

ஒன்றும் செய்ய மாட்டார். கொக்கி அப்படியே தொங்கும். விதி அதுதான்.

பிள்ளைக்கான பதில் நஸீஹாவிடம் இருந்தது. உங்கள் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். இனிமேல் எதையும் ஒளிப்பதில்லை என்று முடிவு. அவள் படித்துவிட்டு, "அவளை எதுக்கு டிரைவரா வெச்சீங்க? அவளையே சிக்னல்காரியா வெச்சா என்ன லா?" என்றாள். பதினோரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், துணிக்கடைக்காரிக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை.

சாதியாவை உட்கார வைத்தேன். முதலில் அவள் கேள்விக்குப் பதில் சொன்னேன். நீ சரியாத்தான் நின்ன, தப்பாச் சொல்லிக் கொடுத்தது அத்தா என்றேன். பிறகு, பாடம்தான் சரக்கு, உன் வாய்தான் கிரேன், கை யாருடையது என்று கேட்டேன். பிறகு வலது கை மட்டும் பையிலிருந்து வெளியே வந்தது. நஸீஹா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

முதல் நாள், புள்ளியில் தானே நிறுத்திவிட்டு, தன் விரலைச் சுழற்றலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கே நின்று எண்ணினேன். பதினொன்று வரை ஒரு சத்தமும் இல்லை. பிறகு குரல் கேட்டது. இன்றைக்கு எண்ணினால் மூன்று. அந்த அறையில் என்ன ஆகும் என்று தெரியவில்லை. அதே ஆசிரியரின் முகத்தைப் பார்த்தால் கை மறுபடி பைக்குள் போய்விடுமோ என்று இருக்கிறது.

நீங்கள் உண்மையை எழுதினீர்கள். நானும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நான் நிறுத்தம் காட்டினேன், அது நிஜம். ஆனால் தலைக்கவசத்துக்குள்ளிருந்து வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினேன். விரல் நெற்றியில் ஒரு சுற்றுச் சுற்றியது. மாணிக்கம் அண்ணன் என் கையைப் பார்த்துத் தூக்கினார். விசாரணைக் காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று பிறகு தெரிந்தும் பேசாமல் இருந்தேன். "உன் கையைப் பார்த்துத்தானே தம்பி தூக்கினேன்?" என்று அவர் கேட்டார். தெரியலண்ணே என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

நஸீஹாவிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

முகமது யூசுப்


20 ஆகஸ்ட், புதன்

திரு யூசுப் அவர்களுக்கு,

இதைச் சாதியாவின் பையில் வைக்கிறேன், நீங்கள் பிரிப்பதற்கு முன் அவளே சொல்லிவிடுவாள் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. வெளியே நிற்க எனக்கு அனுமதி கொடுத்தார்கள், அவள் கண்ணில் படக்கூடாது என்ற நிபந்தனையோடு. நுழையும்போது இரண்டு கையும் பைக்குள்தான் இருந்தன. முதல் வாக்கியத்தை வாசித்தாள். நின்றாள். நானும் உங்களைப் போல எண்ணினேன். ஏழு, எட்டு. அந்த ஆசிரியர் வாயைத் திறக்கப் போனார். என் ஆள்காட்டி விரல் தானாக எழுந்தது, இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டு எண்ணியபோது அவள் வலது கை வெளியே வந்தது. தொடையோரமாக, யாருக்கும் தெரியாத அளவுக்கு, விரல் ஒரு சுற்றுச் சுற்றியது. வாசித்தாள்.

இரண்டாவது புள்ளியில் ஆறு. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. பாடத்தின் கடைசியில் ஒரு கேள்விக்குறி வந்தது, அதற்குத் தலையைச் சாய்த்தாள். அது மட்டும் என்னுடையது. அந்த ஆசிரியரே தம் குறிப்பைத் திருத்தி எழுதிவிட்டார், நான் கண்ணால் பார்த்தேன். நிபுணரிடம் அனுப்பும் பேச்சு இல்லை. வெளியே வந்தவள் என்னைக் கண்டதும், "டீச்சர், நீங்க ஒளிஞ்சு நின்னது தெரியும்" என்றாள்.

நீங்கள் எழுதிய மற்ற விஷயத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. தலைவர் அறைக் கதவைத் தட்டுவது எவ்வளவு கடினமாக இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. தட்டிய பிறகு பேச வந்துவிட்டது.

வைதேகி


24 ஆகஸ்ட், ஞாயிறு

டீச்சர் அவர்களுக்கு,

நாளைக் காலை ஏழரை மணிக்குப் பாதுகாப்பு அதிகாரியைப் பார்க்கிறேன். மாணிக்கம் அண்ணனும் வருகிறார். எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது. சைகை வேலை போய்விடும், அதற்கு மேலும் இருக்கலாம். அண்ணன் என்னை மன்னித்தாரா என்று கேட்காதீர்கள், அதுவும் தெரியாது. உங்களுக்கு எழுத வேண்டியது இன்று நடந்ததைத்தான்.

சிராங்கூன் சாலையில் ஒரு கோப்பிக் கடைக்கு அவரை வரச் சொல்லியிருந்தேன். நஸீஹாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு, அதனால் சாதியாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்கு மைலோ வாங்கிக் கொடுத்தார். வியாழக்கிழமை விமானம் என்றார். மகளுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்க வேண்டும், எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று என்னிடமே கேட்டார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அண்ணே, அன்னைக்கு நடந்ததைச் சொல்லணும்" என்றேன். அதோடு நின்றுவிட்டேன். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனது ஒன்றும் வரவில்லை. அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பக்கத்து மேசையில் ஆட்கள் வந்து உட்கார்ந்து, சாப்பிட்டு, எழுந்துகூடப் போய்விட்டார்கள். எழுந்து போய்விடலாமா என்றுதான் நானும் நினைத்தேன், பழக்கம் அப்படி.

சாதியா மைலோவிலிருந்து வாயை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. அத்தா ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிற்கிறார், அது மட்டும் தெரியும். மேசை ஓரத்தில் இருந்த வலது கையைக் கொஞ்சம் உயர்த்தி, ஆள்காட்டி விரலைச் சின்னதாக ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"என் கையைப் பார்த்துத்தான் தூக்கினீங்கண்ணே," என்றேன். "நீங்க சரியாத்தான் செஞ்சீங்க."

முகமது யூசுப்